வெட்டு உத்தரவுக்கு முன்னால் ஒரு பிரசவம்

ஜெயசுதா கட்டில் விளிம்பைப் பிடித்து எழப் பார்த்துப் பாதியில் நின்றாள். வயிற்றுக் காயம் இழுத்தது. தொட்டிலில் பதிமூன்று நாள் பிள்ளை வீறிட்டது. கணவன் சின்னராசு கை கொடுக்க வந்தான்.

"புள்ளையத் தூக்கிக் குடு. போதும்."

மூத்தவள் ஆரம்ப சுகாதார நிலையத்தில், செவிலியர் ஏஞ்சலினின் கையில்தான் பிறந்தாள். பிரசவம் பார்க்கவென்றே பயிற்சி பெற்ற செவிலியர்கள் அங்கே தனிப் பிரிவு நடத்துகிறார்கள். இந்த முறையும் எல்லாம் சரியாகவே இருந்தது. ஜெயசுதாவுக்கும் அங்கே போகத்தான் ஆசை.

சின்னராசுவுக்குக் கரும்பு நினைப்பு. இருபதாம் தேதி வெட்டச் சர்க்கரை ஆலை உத்தரவு கொடுத்திருந்தது. அன்றைக்கு வலி எடுத்தால்? தேதி கேட்டவனிடம் ஏஞ்சலின் சிரித்தார். "அது இன்னா பஸ்ஸா, டைம் சொல்றதுக்கு?"

தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்துச் சொன்னார்கள்: பதினேழு, காலை பத்து மணி. 'வயித்துல தண்ணி கம்மியாம், ஆபரேஷன்தானாம்' என்று மனைவியிடம் பொய் சொல்லிக் கையெழுத்துப் போட வைத்தான். கடைசியில் வெட்டு உத்தரவு பத்து நாள் தள்ளிப்போய், இன்றைக்குத்தான் வெட்டு.

அந்தப் பக்கம் வந்த ஏஞ்சலின் காயத்தைப் பார்த்தார். சீழ். ஆஸ்பத்திரிச் சீட்டைப் புரட்டினார்.

"தண்ணி கம்மின்னு இதுல எங்கயும் இல்லியே?"

சின்னராசு தரையைப் பார்த்தான். "நாந்தாங்க பொய் சொன்னேன். வெட்டு ஆளு வர்ற நேரமாச்சேன்னு..."

ஜெயசுதா அழவில்லை. "கரும்பு பத்து நாள் நின்னுது. நான் நாலு நாள் நிக்கக் கூடாதாய்யா?"

"இன்னிக்கே டாக்டராண்ட காட்டணும்" என்றார் ஏஞ்சலின். "சிக்கல்னா நானே ஆபரேஷனுக்கு அனுப்பிடுவேன், சின்னராசு. அப்போ கத்தி உசுரக் காப்பாத்தும். சிக்கல் இல்லாத ஒடம்ப நம்ம சவுகரியத்துக்காகக் கிழிக்கக் கூடாது. வலி தானா வர்ற வரைக்கும் கூடவே காத்துக்கினு இருக்கத்தான் நாங்க இருக்கறோம்."

போன் அடித்தது. வெட்டு மேஸ்திரி பிச்சைமுத்து. ஆட்கள் வயலில் இறங்கிவிட்டார்களாம்.

"நான் வர முடியாது மேஸ்திரி. சம்சாரத்த ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன்."

"போய்யா, போ. வெட்டப்போறது நாங்க. நீ வரப்புல நின்னு இன்னா பண்ணப்போற?"

இருபதாம் தேதியே வெட்டியிருந்தாலும் அவன் வரப்பில் சும்மாதான் நின்றிருப்பான். சின்னராசு போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றான். மறுமுனையில் எப்போதோ வைத்துவிட்டார்கள்.