வெர்லின் கேட்கும் கடைசிக் கேள்வி

1

இந்தக் கதை ஊறுகாயில் பிறந்தது. பெரிய கருத்தில் பிறந்தது, ஆழ்ந்த வேதனையில் பிறந்தது என்றெல்லாம் சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் ஒஹையோவின் இந்த மூலையில் குடியேறி என் தலைமுடி பாதி கொட்டியாயிற்று. இங்கே ஒரு பொய் சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். பொருட்காட்சித் திடலில், கோடையில் கன்றுக்குட்டிகளுக்குப் பரிசு கொடுக்கும் அதே கொட்டகையில், குளிர் வந்ததும் துப்பாக்கிச் சந்தை கூடும். நான் போவது அங்கே ஓர் அம்மாள் விற்கும் வெள்ளரிக்காய் ஊறுகாய்க்காக. அதற்கு நிற்கும் வரிசை எப்போதும் வெர்லினின் மேசை வரை நீளும். அப்படி நின்றிருந்தபோதுதான் அவர் ஒருவனிடம் கேட்ட கேள்வி காதில் விழுந்தது. ஊறுகாய் அந்த வாரமே தீர்ந்துவிட்டது, கேள்வி மட்டும் இன்னும் கிடக்கிறது.

[வெர்லின் என்பது உண்மைப் பெயர் அல்ல. உண்மைப் பெயரைப் போட்டால் அப்புறம் அந்த வரிசையில் நான் நிற்க முடியாது.]

2

முதல் தொடக்கம்: "அந்தச் சனிக்கிழமை காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது." தூறவில்லை. நல்ல வெயில். கதை என்றாலே மழையை இறக்கிவிடும் கெட்ட பழக்கத்தை நான் இன்னும் விடவில்லை.

இரண்டாம் தொடக்கம்: "அமெரிக்கர்களுக்குத் துப்பாக்கி என்பது வெறும் பொருள் அல்ல, அது ஒரு —" இதை இப்படியே வளர்த்தால் கட்டுரையாகிவிடும். கட்டுரையில் வெர்லின் உட்கார மாட்டார். மடக்கு நாற்காலி முழுவதும் நிறைந்து உட்காரும் மனிதர், அவருக்கு இடம் வேண்டும்.

மூன்றாம் தொடக்கம்: வெர்லின் தன் மேசையில் ஒரே ஒரு துப்பாக்கியை வைத்திருந்தார். இது நிற்கிறது. இதிலிருந்தே போவோம்.

3

வெர்லின் தன் மேசையில் ஒரே ஒரு துப்பாக்கியை வைத்திருந்தார். வால்நட் மரக் கட்டை பதித்த மான் வேட்டைத் துப்பாக்கி. வாசலில் காவலுக்கு நிற்பவர் அதன் விசைப்பகுதியில் பிளாஸ்டிக் பட்டையைக் கோத்து இறுக்கியிருந்தார். குழலுக்குள் ஒரு குச்சி, குச்சி நுனியில் "விற்பனைக்கு" என்று எழுதிய காகிதக் கொடி. பள்ளியில் பேஸ்பால் பயிற்சியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். முழங்கால் மக்கர் செய்யத் தொடங்கியதிலிருந்து காட்டுக்குப் போவதில்லை. சேர்த்து வைத்ததை ஒவ்வொன்றாகக் கைமாற்றிக்கொண்டிருக்கிறார். உரிமம் பெற்ற கடைக்காரர் அல்ல. ஆகவே வாங்குபவனின் குற்றப் பின்னணியைச் சோதிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

அந்தக் கட்டாயத்தைக் கொண்டுவரத்தான் மாநில சட்டமன்றத்தில் ஒரு மசோதா காத்திருந்தது. சந்தையில் யார் விற்றாலும் முதலில் பின்னணிச் சோதனை, பிறகுதான் துப்பாக்கி. வெர்லின் அதற்குப் பரம எதிரி. மேசையின் முன்பக்கத்தில் அவரே ஒட்டிய அட்டை: "என் அண்டை வீட்டுக்காரனை எனக்குத் தெரியும். அரசாங்கத்துக்கு என்ன தெரியும்?" வருகிற செவ்வாய்க்கிழமை தலைநகருக்குப் போய்ச் சட்டமன்றக் குழுவின் முன்னால் இதையே பேசப்போகிறார். அதற்காக ஒரு டைகூட வாங்கியிருந்தார்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கொட்டகையிலேயே ஆளைக் குடைந்து குடைந்து விசாரிப்பவர் அவர்தான். நம்மூரில் பெண் கொடுக்கிற வீட்டார் விசாரிப்பார்களே, அந்தத் தினுசு. எந்த ஊர், யார் மகன், எந்தத் தேவாலயம், எங்கே வேட்டை, வீட்டில் குழந்தைகள் உண்டா, பூட்டி வைக்கப் பெட்டி உண்டா. எல்லாம் முடிந்த பிறகு, வாங்குபவன் பணப்பையைத் திறக்கும்போது, ஒரு கண்ணைச் சிமிட்டியபடி கடைசிக் கேள்வி: "வீட்டம்மாவுக்குத் தெரியுமா?" எல்லாரும் சிரிப்பார்கள். "தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவா" என்பான் ஒருவன். "அவதான் அனுப்புனா" என்பான் இன்னொருவன். அதோடு வியாபாரம் முடிந்தது.

எதிர்வரிசையில் ராக்ஸானின் மேசை. அவள் உரிமம் பெற்றவள். யாருக்கு விற்றாலும் மத்திய அரசின் எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் விற்பாள். இருவருக்கும் நாள் முழுக்க வாய்ச்சண்டை.

"யோவ் வெர்லின், நான் போன் போட்டு வச்சு, காப்பி குடிச்சு, வித்தும் முடிச்சாச்சு. நீ இன்னும் அவன் தாத்தா கிட்டயே நிக்கிற."

"நான் மனுஷனா கேக்குறேன். உன் போன்ல இருக்கறது மெஷினு."

"மெஷினுக்குப் பல்லுல வெங்காயம் நாறாதுல்ல."

4

அன்று காலை ஊதா நிறத்தில் முடிக்குச் சாயம் பூசிய ஒரு பெண் வந்தாள். நகர மருத்துவமனையில் நர்ஸ். அம்மாவின் பண்ணையில் நரித் தொல்லை என்றாள். வெர்லின் ஆரம்பித்தார். அவள் பொறுமையாகப் பதில் சொன்னாள். பாதியில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எனக்கு வேலை குடுத்தப்பகூட இவ்வளவு கேக்கல."

"ஆஸ்பத்திரி வேற, இது வேறம்மா. சரி, வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"வீட்டுக்காரரே இல்லையே."

அந்தக் கேள்விக்கு அப்படி ஒரு பதில் உண்டு என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். "அப்ப... நீ யோசிச்சுட்டு வாம்மா" என்றார்.

அவள் யோசிக்கவில்லை. நேரே ராக்ஸானிடம் போனாள். போன் போனது, சரி என்று பதில் வந்தது, வேறொரு துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போகிறபோக்கில் வெர்லினுக்குக் கையாட்டினாள். "உங்க கேள்வியெல்லாம் நல்லா இருந்துச்சு அங்கிள்" என்றாள். ராக்ஸான் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

5

இனி லோனி வர வேண்டும். அவனை எழுதுவதில்தான் எனக்குச் சிக்கல்.

முதல் வரைவில் அவனுக்குச் சிவந்த கண்களைக் கொடுத்தேன். கழுத்தில் பச்சை குத்தினேன். "அவன் பார்வையில் ஏதோ ஒரு" என்று எழுதிவிட்டு நிறுத்தினேன். அந்த ஏதோ ஒன்று முகத்தில் தெரியுமானால் மசோதாவும் வேண்டாம், கதையும் வேண்டாம், வாசலில் நிற்பவரே திருப்பி அனுப்பிவிடுவார்.

உள்ளபடியே எழுதுகிறேன். லோனி சிரித்த முகக்காரன். குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் அடுப்புகளைப் பழுதுபார்ப்பவன். பனி கொட்டினால் தேவாலய முற்றத்தைக் காசு வாங்காமல் வழித்துவிடுவான். என் வீட்டு அடுப்பையும் அவன்தான் சரிசெய்தான், எனக்கு அவனைப் பிடிக்கும். பள்ளியில் வெர்லினின் அணியில் விளையாடியவன். பந்து பட்டு அவன் முன்பல் உடைந்தபோது மடியில் கிடத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் வெர்லின். இன்றைக்கும் அவரைக் 'கோச்' என்றுதான் கூப்பிடுவான்.

"கோச், இதையா விக்கிறீங்க? மனசு வந்துச்சா?"

"முழங்காலுக்கு மனசு வந்துடுச்சுடா. எடுத்துப் பாரு."

அவனிடம் வெர்லின் ஒன்றும் விசாரிக்கவில்லை. எந்த ஊர் என்று கேட்பாரா, யார் மகன் என்று கேட்பாரா? தெரிந்தவனிடம் கேட்பது அவமரியாதை, எங்கள் ஊரில் அப்படித்தான். சொன்ன விலையிலிருந்து தானாகவே குறைத்துக் கொடுத்தார். லோனி பணப்பையைத் திறந்தான். வெர்லின், பழக்க தோஷத்தில், வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று கண்ணைச் சிமிட்டினார்.

"டாமிக்குத் தெரியுமா?" டாமி அவன் மனைவி.

லோனி சிரித்தான். ஆனால் சிரிப்பு கொஞ்சம் பிந்தி வந்தது.

"அவ அம்மா வீட்டுல இருக்கா கோச். கொஞ்ச நாளா."

"உடம்பு கிடம்பு சரியில்லையா அம்மாவுக்கு?"

"இல்ல. சும்மாதான்."

என் காதில் விழுந்தது இதைத்தான். ஊறுகாய் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் நகர்ந்துவிட்டார், நான் நகரவில்லை.

[இங்கே வெர்லினின் மனத்துக்குள் நுழைய வேண்டும். அவர் அனுமதி தரவில்லை, நானே நுழைகிறேன்.]

ஒரு பெண் அம்மா வீட்டுக்குப் போக ஆயிரம் காரணம் இருக்கும் என்று வெர்லின் தனக்குள் சொல்லிக்கொண்டார். தன் மனைவியே ஒரு தடவை கோபித்துக்கொண்டு போய், பூசணிக்காய்ப் பலகாரத்தோடு திரும்பி வந்தவள்தான். ஆனால் கடந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் டாமி பின்வரிசையில், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தது இப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. அன்று அதைக் கண்வலி என்று நினைத்தார். கண்வலியாகவும் இருக்கலாம். அண்டை வீட்டுக்காரனைத் தெரியும் என்று அட்டை எழுதியவருக்கு, இந்த அண்டை வீட்டுக்காரனைப் பற்றி அவன் பல் உடைந்த நாளுக்குப் பிறகு அதிகம் தெரியவில்லை.

"டேய் லோனி, ராக்ஸான் மேசை வரைக்கும் ஒரு நடை போயிட்டு வந்துடலாமா?"

"எதுக்கு?"

"சும்மா. ஒரு போன் போட்டுக்கலாம். இப்ப எல்லாருக்கும் அப்படித்தான் செய்யுறேன்."

"என்னையா கோச்?"

"எல்லாரையும்தாண்டா."

லோனி அந்த அட்டையைப் பார்த்தான். வெர்லினும் பார்த்தார். பிறகு இருவரும் நடந்தார்கள். துப்பாக்கியை வெர்லினே தூக்கிக்கொண்டார், காகிதக் கொடி ஆடிக்கொண்டே போனது. அந்த நடைபாதையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமை தலைநகரில் பேசப்போகிறவர் சனிக்கிழமையே எதிர்க்கட்சிக்குப் போகிறார். ராக்ஸானுக்கு இது வருடம் முழுவதும் தின்னக்கூடிய தீனி. ஆனால் அவள் வெர்லினின் முகத்தைப் பார்த்தாள், ஒரு கிண்டலும் செய்யாமல் போனை எடுத்தாள். அதுதான் வெர்லினைப் பயமுறுத்தியது.

6

இப்போது முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

முடிவு ஒன்று: "கூடாது" என்று பதில் வருகிறது. மனைவியை நெருங்கக் கூடாது என்று அவன்மேல் நீதிமன்ற ஆணை இருக்கிறது, டாமி தப்பிக்கிறாள், வெர்லின் அட்டையைக் கிழிக்கிறார், செவ்வாய்க்கிழமை மசோதாவுக்கு ஆதரவாகப் பேசுகிறார். மசோதாக்காரர்கள் இதை அச்சிட்டு வீடுவீடாகக் கொடுப்பார்கள். வெர்லின் என்னை அடிப்பார்.

முடிவு இரண்டு: "சரி" என்று பதில் வருகிறது. டாமிக்கு உண்மையிலேயே கண்வலி. லோனி மனம் நொந்து, இனிமேல் கோச் என்று கூப்பிடுவதில்லை. இதை மசோதாவின் எதிரிகள் அச்சிடுவார்கள். லோனி என் வீட்டு அடுப்பைப் பார்க்க வர மாட்டான், எனக்குக் குளிரும்.

முடிவு மூன்று: பின்னால் மேய்ந்துகொண்டிருந்த பரிசுக் கன்று ஒன்று கொட்டகைக்குள் புகுந்து — இல்லை. குளிர்காலத்தில் கன்று ஏது?

நான் எதையும் தேர்ந்தெடுக்க முடியாமல் தவித்துக்கொண்டிருக்கையில் ராக்ஸான் போனை வைத்தாள். நடந்தது நடந்தபடி:

"தாமதம்னு சொல்லிட்டாங்க" என்றாள்.

"அப்படின்னா?"

"அப்படின்னா ஆமாவும் இல்ல, இல்லையும் இல்ல. மூணு வேலை நாள் பொறுக்கணும். பேரு யாரோடயாவது ஒத்துப்போனாலும் இப்படி வரும். போன மாசம் ஒரு பாதிரியாருக்கே வந்துச்சு. வேற காரணத்துக்கும் வரும்."

மத்திய அரசுக்கும் முடிவு தெரியவில்லை. இதைவிட எனக்கு என்ன ஆறுதல் வேண்டும்?

7

வெர்லின் துப்பாக்கியோடு தன் மேசைக்குத் திரும்பினார். லோனி பின்னாலேயே வந்தான். கோபப்படவில்லை. அதை எழுதியே ஆக வேண்டும், அவன் கோபப்படவில்லை.

"கோச், திங்கக்கிழமை மான் வேட்டை ஆரம்பம். மூணு நாள் எங்க பொறுக்கறது? தாமதம்ங்கறது அந்தம்மா கடைக்கு. உங்க மேசைக்கு ஒரு சட்டமும் இல்ல. நீங்க இப்பவே குடுக்கலாம்." அட்டையைக் காட்டினான். "நீங்களே எழுதி ஒட்டியிருக்கீங்களே."

அவன் சொன்னது முழுக்க உண்மை.

வெர்லின் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். பிறகு, இந்தச் சந்தையில் எல்லோரும் செய்வதைச் செய்தார். இங்கே யாராவது கழிப்பறைக்கோ காப்பிக்கோ போனால் பக்கத்தில் நிற்பவனிடம் மேசையை ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். ஒப்படைத்தால் விற்கிற உரிமையும் சேர்த்துத்தான். வெர்லின் என் தோளைப் பிடித்து நாற்காலியில் அழுத்தினார்.

"கொஞ்சம் பாத்துக்க. நான் போய் ஒரு பாட்டில் ஊறுகாய் வாங்கிட்டு வந்துடறேன்."

மனிதருக்கு ஊறுகாயே பிடிக்காது.

நான் நல்ல எழுத்தாளனாக இருந்திருந்தால் அந்த நாற்காலியிலேயே இருந்திருப்பேன். இருக்கவில்லை. எழுந்துவிட்டேன், பக்கத்தில் பார்த்தேன், இவ்வளவு நேரம் என்னோடு வரிசையில் நின்றவர் நீங்கள். உட்காருங்கள். நாற்காலி உறுதியானது, வெர்லினையே தாங்கியது.

துப்பாக்கி உங்கள் முன்னால் இருக்கிறது. கொடியை எடுத்துவிட்டுக் கொடுப்பதும், "வியாழக்கிழமை வாப்பா" என்பதும் இரண்டுமே சட்டப்படி சரி. டாமி அம்மா வீட்டில் இருக்கிறாள். ஏன் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. லோனி குனிந்து மேசையில் கையூன்றி உங்களைப் பார்த்துச் சிரிக்கிறான். ஒட்டுப்போட்ட அந்த முன்பல்லோடு நல்ல சிரிப்பு அது, கெட்டவன் சிரிப்பு என்று என்னால் எழுத முடியவில்லை.

"என்ன, எடுத்துக்கட்டுமா?" என்கிறான்.

வெர்லின் வரிசையின் கடைசியில், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். சட்டம் இன்னும் வரவில்லை, அதுவரைக்கும் அந்த நாற்காலியில் நீங்கள்தான்.