பருத்திக்கொட்டை தின்ற விமானம்

சோமனூருக்குக் கிழக்கே காளிச்சாமியின் பருத்திக் காட்டில் நின்ற ஐம்பது பேர் ஏறும் விமானம் மூன்றரை வருடத்தில் எண்ணூறு கிலோ எடை கூடியது. நம்பாதவர்கள் லாரி எடைமேடையில் போய்ச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம். சரக்கு என்ற இடத்தில் 'விமானம், காலி' என்று எழுதியிருக்கும். டிராக்டரில் கட்டி அங்கே இழுத்துப்போன அன்று எதிரே டவுன் பஸ் வர, விமானம் இறக்கைகளை ஒடுக்கிக்கொண்டு வழிவிட்டது. அந்த ரோட்டில் அவ்வளவு மரியாதை தெரிந்த வண்டியை நாங்கள் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அது வந்தது 1992 ஆடியில். உடைப்பதற்காகக் கடைசிப் பயணம் அனுப்பப்பட்ட விமானம், சோமனூருக்கு மேலே வந்ததும் இதற்குமேல் போக இஷ்டமில்லாமல் தானாக இறங்கிவிட்டது. ரெண்டே நாள் நிற்கட்டும் என்று சொல்லிப் போன கம்பெனிக்காரர்கள், கம்பெனியையே மூடிவிட்டார்கள். ஆடிக் காற்றில் அது கிணற்றுப் பக்கம் உருள ஆரம்பித்ததால், காளிச்சாமி ஒரு முளை அடித்து, பழைய மாட்டுக் கயிற்றால் மூக்குச் சக்கரத்தைக் கட்டிப்போட்டார். கட்டிவிட்டால் அவர் மனைவி சாந்தாமணிக்கு அது மாட்டைப் போலக் கட்டுத்தறி உருப்படிதான். "கட்டிப்போட்டுப் பட்டினி போடறதுங்களா? நல்லாருக்குதுங்க நாயம்" என்று கணவரைக் கேட்டுவிட்டு, மூக்குக்குக் கீழே ஒரு தாழியை வைத்துப் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் கழுநீரில் கரைத்து ஊற்றினார். காலையில் தாழி காலி. அன்றிலிருந்து ஒருநாள் தவறியதில்லை.

1995 கடைசியில் வடக்கே இருக்கும் ஒரு விமான அருங்காட்சியகத்திலிருந்து கடிதம் வந்தது. சித்திரை பிறப்பதற்குள் தானே பறந்து வந்து சேர்ந்தால் கொட்டகையில் வைத்துக் காப்பார்களாம். பிரித்து லாரியில் ஏற்றி வந்தால் வேண்டாமாம். அதற்குள் காயலான் கடைக்காரர் ஒருவர் வந்து, எங்கெங்கே வெட்டுவது என்று சாக்பீஸால் கோடு கிழித்துவிட்டுப் போயிருந்தார். சாந்தாமணி கோடுகளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கோட்டைமேட்டு ஷேக் பரீத்தைக் கூட்டிவரச் சொன்னார்.

ஷேக் பரீத் விமான நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் மெக்கானிக்காக இருந்தவர். இதே விமானத்தின் எந்த போல்ட்டு எந்தப் பக்கம் முறுக்கினால் முனகும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஒருநாள்கூட அதில் ஏறிப் பறந்ததில்லை. அடுத்த மாதம் பார்க்கலாம், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று அதிகாரிகள் சொல்லிச் சொல்லி, கடைசியில் ஓர் அடுத்த மாதத்தில் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. ஆசை மட்டும் விடவில்லை. காளிச்சாமியிடம் அவர் கூலி பேசவில்லை. "கெளம்பற அன்னைக்கு எனக்கொரு சீட்டு குடுத்துப்போடுங்க, அது போதுமுங்க" என்றார்.

லேத்தில் கடைய முடியாதது எதுவும் கோயமுத்தூரில் கிடையாது. மோட்டார் பம்புக்குப் போகிற புஷ்ஷைச் சன்னமாகக் கடைந்து எஞ்சினுக்குப் போட்டார் ஷேக் பரீத். இத்துப்போன ரப்பர் குழாய்களுக்குக் காந்திபுரத்தில் மாற்று வாங்கினார். எஞ்சின் முதன்முதலாக ஓடிய அன்று பக்கத்து விசைத்தறிகள் நாலும் அதே தாளத்துக்கு மாறிக்கொண்டு, சாயங்காலம் வரை பழைய தாளத்துக்குத் திரும்ப மறுத்தன.

அருங்காட்சியகம் அனுப்பிய கேப்டன் லட்சுமணசாமி எடைச்சீட்டைப் பார்த்ததும் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். இந்த எடையில் இது தென்னை உயரம்கூட எழும்பாது, தீனியை நிறுத்துங்கள் என்றார். எவ்வளவு இளைத்தாலும் விமானிகள் இரண்டு பேருக்கு மேல் ஓர் ஆளும் ஏறக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். ஷேக் பரீத் "பரவால்லீங்க" என்று சொல்லிவிட்டு வால் பக்கம் போய், துடைத்த இடத்தையே வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

தீனியை நிறுத்த சாந்தாமணி ஒப்பவே இல்லை. வாயில்லாத ஜீவனுக்கு எப்படி இல்லை என்பது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சமயம் ரமலான் பிறந்தது. "நானும் பட்டினிதானுங்க அம்மணி. ரெண்டு பேரும் சேந்தே இருந்துக்கறோம்" என்றார் ஷேக் பரீத். அப்படியே நடந்தது. பகல் முழுக்க இரண்டு பேரும் பச்சைத் தண்ணீர் தொடவில்லை. பொழுது இறங்கியதும் அவர் மனைவி ஜன்னத் கொடுத்தனுப்பிய நோன்புக் கஞ்சியில் அவருக்கு ஒரு டம்ளர், அதற்கு ஒரு போசி. பெருநாளன்று எடை போட்டபோது எழுநூற்று அறுபது கிலோ குறைந்திருந்தது. ரெக்கையெல்லாம் எலும்பாப் போச்சு என்று சாந்தாமணி பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிப் புலம்பினார்.

பங்குனியில் காட்டை உழுது, பரம்படித்துச் சமமாக்கி, ஓடுபாதை தயார் செய்தார்கள். கேப்டன் காகிதங்களைக் கொண்டுவந்தார், காளிச்சாமி கையெழுத்துப் போட்டுப் பழைய கயிற்றை அவிழ்த்தார். விமானம் காட்டின் கோடி வரை வேகமாக ஓடி, அங்கே திரும்பி, முளைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டது. மூன்று தடவை இதே கதை. ஷேக் பரீத் எஞ்சினைப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார், ஒரு குறையும் இல்லை.

"ஏனுங்க கேப்டன், கவுறு எங்கீங்க?" என்று கேட்டார் சாந்தாமணி. கேப்டன் எந்தக் கயிறு என்று விழித்தார். எங்கள் பக்கம் மாட்டைக் கொடுத்தாலும் கயிற்றைக் கொடுப்பதில்லை. வாங்குகிறவர்தான் புதுக் கயிறு கொண்டுவந்து கட்டி, கையில் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். இது தெரியாமல் வெறும் காகிதத்தோடு வந்தால் எது கட்டுத்தறியை விட்டு நகரும்? உடனே சோமனூருக்கு ஆள் அனுப்பிப் புதுக் கயிறு வாங்கிவந்து கட்டினார்கள். கேப்டன் பிடித்தார், உதறிவிட்டது. காளிச்சாமி பிடித்தார், படுத்துக்கொள்ளப் பார்த்தது. ஷேக் பரீத் பிடித்ததும் இரண்டு அடி முன்னால் வந்து நின்றது.

கேப்டன் நல்ல மனுஷர். ஷேக் பரீத்தின் எடைக்கு ஈடாக நாலு இருக்கைகளையும் தன் பெட்டியையும் கீழே இறக்கச் சொன்னார். அந்த இருக்கைகள் இப்போதும் காளிச்சாமியின் மோட்டார் ரூமில் இருக்கின்றன. கயிற்றை விமானிகளின் ஜன்னல் வழியாக உள்ளே வாங்கி, முதல் வரிசையில் உட்கார்ந்த ஷேக் பரீத்தின் இரண்டு கையிலும் கொடுத்தார்கள். விமானம் ஒரே ஓட்டத்தில் எழும்பியது.

எழும்பியது வடக்கே போகவில்லை. சோமனூரை வட்டமடிக்க ஆரம்பித்தது. கேப்டன் என்ன திருப்பியும் திரும்பவில்லை. ஆறு வட்டம், ஏழு வட்டம். கீழே சாந்தாமணிக்குக் கையசைத்துக் கை ஓய்ந்துவிட்டது. கேப்டன் திரும்பிப் பார்த்தார். ஷேக் பரீத் கண்ணை இறுக மூடி, ஏதாவது போல்ட்டு தளர்ந்து சத்தம் கொடுக்கிறதா என்று காதைத் தீட்டி உட்கார்ந்திருந்தார். விமான நிலையத்திலிருந்து ரேடியோவில் என்ன காரணம் என்று கேட்டார்கள். மெக்கானிக் இன்னும் வெளியே பார்க்கவில்லை என்றார் கேப்டன். சரி, பார்க்கச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது.

"பாய், ஒருக்கா வெளிய பாருங்க."

"எஞ்சின் சத்தம் கேட்டுட்டு இருக்கறனுங்க."

"அது நல்லாத்தான் ஓடுதுங்க. நீங்க பாத்தாத்தான் இது போகுமாட்டம் இருக்குது."

ஷேக் பரீத் கண்ணைத் திறந்து ஜன்னல் பக்கம் திரும்பினார். பருத்திக் காடுகள், தறிக் கொட்டகைகளின் கூரைகள், பஞ்சு லாரி ஒன்று, அதற்கு அப்பால் நீலமாக மலை. அவருக்கு அழுகை வந்துவிட்டது. கயிற்றைப் பிடித்திருந்ததால் துடைத்துக்கொள்ளக் கை இல்லை. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஆசைதீரப் பார்க்கும் வரை இன்னும் இரண்டு வட்டம் அடித்துவிட்டு விமானம் வடக்கே திரும்பியது. நாற்பது நிமிடத் தாமதத்துக்கு மெக்கானிக் வேடிக்கை பார்த்தார் என்பதே காரணமாகப் பதிவேட்டில் ஏறியது. மேலிடத்திலிருந்து யாரும் விளக்கம் கேட்கவில்லை.