வாசலில் நின்ற நான்கு மோட்டார் சைக்கிள்கள்

அன்று அந்த வீட்டு வாசலில் இருந்தவர்கள் ஐந்து பேர். பத்துமலை ஆகிய நான், என் தம்பி சுகுமாரன், எங்கள் நண்பர் தர்மா, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் இராஜசிங்கம், என் தங்கை நவமணி. நவமணியின் மகன் ரூபன் பிறகு வந்து சேர்ந்தான். அதுவும் அந்த வாசலுக்கு அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈப்போவில் நாங்கள் இருக்கும் புந்தோங்கில் இப்போது இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் பக்கத்தில் நின்று பார்த்தவர்களைப் போலப் பேசுகிறார்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நால்வரும் மோட்டார் சைக்கிளில் வெளியே கிளம்புவது வழக்கம். நெடுஞ்சாலையில் போவதில்லை. பழைய சாலை, மலாய்க் கிராமங்களின் கம்பத்துச் சாலை, தோட்டத்துச் செம்மண் சாலை, இவைதான். எனக்கும் தம்பிக்கும் தர்மாவுக்கும் சிறிய, சாதாரண கப்சாய் வண்டிகள். இராஜசிங்கம் மட்டும், மகள் கிருஷாந்தி அழுது தடுத்தும் கேட்காமல், ஓய்வுபெற்ற ஆண்டில் ஒரு பெரிய வண்டி வாங்கினார். அதை நிறுத்தும்போது சாயாமல் பிடித்துக்கொள்ளத் தர்மா வேண்டும்.

அந்த மாசி மாதம் நாங்கள் கிளம்பியது வெறும் சவாரிக்காக அல்ல. தாப்பாவுக்கும் தெலுக் இந்தானுக்கும் நடுவில், நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டம் இருந்த இடத்தில், நவமணி இருக்கிறாள். அவள் வீட்டில் நாங்கள் கை நனைத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அன்று நனைப்பது என்று முடிவு செய்திருந்தேன்.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு என் அப்பா தலைவர். பாலுக்காக ரப்பர் மரம் வெட்டிய ஜனங்கள் தங்கள் கூலியில் சேர்த்துக் கட்டிய கோயில் அது. தோட்டத்தை விற்று வீடுகள் கட்ட வந்தபோது, கோயிலை இடம் மாற்றச் சொன்னார்கள். அப்பா சம்மதிக்கவில்லை. கோயில் கமிட்டியின் செயலாளராக இருந்த சன்னாசி கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். சன்னாசி நவமணியின் கணவர், அப்பாவின் சொந்த மருமகன். அம்மனைக் கொண்டுபோய்க் கழிவுநீர்க் குளத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். "இனி அந்த வீட்டுல நம்ம ஆளுங்க யாரும் கை நனைக்கக் கூடாது," என்றார் அப்பா. அடுத்த வருடம் அவர் இறந்தார். சன்னாசி துக்கத்துக்கு வந்து சாலையோரம் நின்றுவிட்டுப் போனார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. அப்பாவின் சொல் எனக்குச் சொல்தான்.

ஆனால் அந்தச் சவாரிக்கு முந்தின மாதம் தாப்பாவில் ஓர் இரும்புச் சாமான் கடையில் ரூபன் இராஜசிங்கத்தைப் பார்த்து, "அப்பாவுக்கு ஒடம்பு முடியல சார். மாமாங்கள ஒரு தடவ பாக்கணும்னு சொல்றாரு," என்று சொல்லியிருக்கிறான். நான் இரண்டு இரவுகள் யோசித்தேன். பிறகு ஒரு நிபந்தனை சொன்னேன். சன்னாசியோ நவமணியோ வாசலுக்கு வந்து, வாயைத் திறந்து, "வாங்க" என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் போவேன், உட்காருவேன், சாப்பிடுவேன். கூப்பிடாமல் மூத்தவன் ஒருவன் நுழைந்தால் அப்பாவின் சொல்லுக்கு என்ன மரியாதை? இராஜசிங்கம் ரூபனிடம் தொலைபேசியில் சொன்னார். சரி என்று பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் குறித்தாயிற்று.

அன்று காலை புந்தோங்கில் தேநீர் குடிக்கும்போதே தர்மா தொடங்கிவிட்டார்.

"யாரும் ரொட்டி திங்காதீங்க. பெரியவரு இன்னிக்குத் தங்கச்சி வூட்டுல சாப்புடப் போறாரு. நாட்டுக்கோழி அடிச்சி வெச்சிருப்பாங்க. வயித்துல எடம் வேணும்லா."

"மொதல்ல கூப்புடட்டும்," என்றேன்.

"கூப்புடுவாங்க மச்சான். கூப்புடலன்னா நான் கூப்புடறேன், எனக்குப் பசிக்கும்."

சுகுமாரன் சிரித்தான். அவன் அன்று புதுச் சட்டை போட்டிருந்தான். அக்காவிடம் வளர்ந்தவன் அவன். எங்கள் அம்மா காலையில் மரம் வெட்டப் போகும்போது அவனை இடுப்பில் வைத்திருந்தது நவமணிதான். இத்தனை வருடங்களும் அவன் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருக்கலாம்.

என் வண்டிக் கூடையில் ஒரு பை இருந்தது. அரக்கு நிறப் பட்டு, மஞ்சள், குங்குமம், கட்டிய மல்லிகை. அண்ணன் வெறுங்கையோடு போகக் கூடாது.

கோப்பேங், கம்பார், தாப்பா என்று பழைய சாலையிலேயே போனோம். மழை நின்று வாரங்கள் ஆகியிருந்ததால் சாலை வெளுத்துக் கிடந்தது. தாப்பாவைத் தாண்டிக் கிளைச் சாலையில் திரும்பியதும் இரண்டு பக்கமும் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை. நடுவில் மிஞ்சிப்போன ஒரு ரப்பர்த் துண்டு நிலம். பழைய இலைகளைக் கொட்டிவிட்டு மரங்கள் செம்பு நிறத்தில் துளிர்த்திருந்தன. சருகு சாலையெங்கும் பரவி, எங்கள் சக்கரங்களுக்கு அடியில் நொறுங்கியது. இராஜசிங்கம் வண்டியை நிறுத்தித் தலைக்கவசத்தைக் கழற்றினார்.

"இதுதான் உங்கட தோட்டமோ?"

"இதுல பத்துல ஒரு பங்கு கூட இல்ல வாத்தியார். அந்தப் பக்கம் பூரா எங்க வெட்டுதான்," என்றான் சுகுமாரன்.

"வடிவாத்தான் இருக்கு. ஆனா இந்தச் சருகில என்ர வண்டி சறுக்கினா, கிருஷாந்தி என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா."

தர்மா வண்டியைப் பிடித்துக்கொண்டார். நால்வரும் சிரித்தோம். அந்த நாளில் நாங்கள் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

தோட்டத்து ஜனங்களுக்கென்று கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் நவமணியின் வீடு ஓரத்தில் இருந்தது. வேலிக்கு வெளியே நான்கு வண்டிகளையும் நிறுத்தினோம். கோழிக் குழம்பு வாசனை எதுவும் வரவில்லை. போர்ட்டிகோவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. சுவரோரம் ஒரு நீலக் கித்தான் மடித்துக் கிடந்தது. கூடாரம் போட்டுப் பிரித்திருக்கிறார்கள், வாடகை நாற்காலியை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை என்று தெரிந்தது.

வீட்டில் ஏதோ விசேஷம் நடந்து முடிந்திருக்கிறது, எங்களுக்குச் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் பட்டது. ஊரையெல்லாம் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டுவிட்டு, எங்களுக்கு மறுநாளைக்கு மிச்சம் போடக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். முதுகு நிமிர்ந்துவிட்டது. வண்டியிலிருந்து நான் இறங்கவில்லை. நான் இறங்காததால் தம்பியும் இறங்கவில்லை.

நவமணி வெளியே வந்தாள். மெலிந்திருந்தாள். தலை வாரவில்லை. படியில் நின்று எங்களைப் பார்த்தாள். இராஜசிங்கம்தான் பேசினார்.

"தங்கச்சி, அண்ணை வந்திருக்கிறார். பாருங்கோ."

அவள் தலையை அசைத்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் தலைக்கவசத்தைக் கூடக் கழற்றாமல் காத்திருந்தேன். ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. அவள் படியை விட்டு ஒதுங்கி, சுவரோடு சாய்ந்து, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டாள்.

"எறங்குலா மச்சான், வெயிலு மண்டையப் பொளக்குது," என்றார் தர்மா மெதுவாக.

"கூப்புடட்டும்."

சுகுமாரன் வாயைத் திறந்தான். "அக்கா, மச்சான் எங்க..." என்று தொடங்கினான். நான் கையை உயர்த்தினேன். அவரைத் தேடி வந்து விசாரிப்பதுபோல ஆகிவிடக் கூடாது என்று நினைத்தேன். அவன் நிறுத்திக்கொண்டான். அந்தக் கேள்வியை அவன் முடித்திருந்தால் எல்லாம் அங்கேயே தெரிந்திருக்கும்.

பக்கத்து வீட்டில் யாரோ வானொலியை அணைத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு வண்டியை உதைத்துக் கிளப்பினேன். முறை தவறக் கூடாது என்பதற்காகச் சத்தமாகவே சொன்னேன்:

"அப்போ நாங்க போய்ட்டு வாரோம்மா."

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அதை நான் கண்ணாடியில்தான் பார்த்தேன். அழுத்தமான பெண், வாயில் வந்ததை அடக்குகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

தாப்பாவில் சாலையோர ஒட்டுக்கடை ஒன்றில் உட்கார்ந்தோம். தர்மா நான்கு தேநீர் சொன்னார். தேநீர் வந்தபோது எங்களைத் தேடிக்கொண்டு ரூபன் தன் கப்சாயில் வந்து நின்றான். தலை மொட்டையாக இருந்தது. இராஜசிங்கம் கையிலிருந்த கிளாசைக் கீழே வைத்தார்.

"மாமா," என்றான். என் எதிரில் உட்காரவில்லை. "அப்பா போன செவ்வாக்கெழம தவறிட்டாரு."

சுகுமாரன் எழுந்து நின்றான்.

"எங்களுக்கு ஏன் சொல்லல?" என்றேன். என் குரல் எனக்கே அதட்டலாகக் கேட்டது.

"அம்மாதான் மொதல்ல வேணாம்னாங்க. உசுரோட இருக்கறப்போ வராதவங்க பொணத்தப் பாக்க வர வேணாம், ஞாயித்துக்கெழம வாரேன்னு சொல்லியிருக்காங்க, தானா வரட்டும்னாங்க. எனக்கு மனசு கேக்கல. நேத்துக் காலையில சாருக்கு வாட்சப்புல பேசி அனுப்பிட்டேன். மாமாங்களுக்குத் தெரியும், துக்கம் கேக்கத்தான் வாராங்கன்னு அம்மாகிட்ட சொல்லிட்டு, ஐயரப் பாக்கப் போயிட்டேன்."

இராஜசிங்கம் தொலைபேசியை எடுத்தார். எழுதி வருவதைப் படிப்பார், எழுத்தில் பதில் போடுவார். பேசி அனுப்புவதை அவர் திறந்ததே இல்லை. அது அவருக்குத் தெரியாது, நாங்களும் ஒருநாளும் கேட்டதில்லை. தர்மா அதை வாங்கி அழுத்தினார். ரூபனின் குரல் கடைக்குள் கேட்டது: "சார், அப்பா போயிட்டாரு. மாமாகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிக் கூட்டிக்கிட்டு வாங்க."

துக்க வீட்டில் வந்தவரை "வாங்க" என்று கூப்பிடுவதில்லை. கூப்பிடாமலேதான் போக வேண்டும். கிளம்பும்போது "போய்விட்டு வருகிறேன்" என்றும் சொல்வதில்லை, சொல்லாமல் எழுந்து வர வேண்டும். இது எனக்குத் தெரியாத முறை அல்ல. ஈப்போவில் எத்தனையோ துக்க வீடுகளில் மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னவன் நான். அவள் தன் முறையில் நின்றாள். படியை விட்டு ஒதுங்கியது எனக்கு வழிவிடத்தான். நான் என் முறையில் உட்கார்ந்திருந்தேன்.

"வண்டிய எடுங்க, போலாம்," என்றான் சுகுமாரன். அவன் அழுதுகொண்டிருந்தான்.

ரூபன் தலையை ஆட்டினான். "வேணாம் மாமா. நான் அம்மாகிட்ட சொல்லிப் பாத்துட்டேன். உங்க மூஞ்சியப் பாத்தப்பவே எனக்குச் சந்தேகம்னு சொன்னாங்க, தெரியாமத்தான் வந்திருக்காருன்னு. ஆனா..." அவன் என்னைப் பார்த்தான். "போய்ட்டு வாரேன்னு சொன்னீங்களாமே பெரிய மாமா. அந்த வார்த்த காதுலயே நிக்குதுங்கறாங்க. கருமாதிக்குப் பொறந்த வூட்டுக் கோடி சின்ன மாமா எடுத்துக்கிட்டு வந்தா போதும்னாங்க."

தர்மா ஏதோ சொல்ல வந்தார். நான் வேண்டாம் என்றேன். அவள் சொன்னது அவள் வீட்டுக்கான சொல். அவளும் எங்கள் அப்பாவின் மகள்.

ரூபனைத் தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். குடிக்காமல் போனான்.

திரும்பும் வழியில் யாரும் எங்கும் நிற்கவில்லை. கூடையில் இருந்த மல்லிகை வெயிலில் கறுத்துப்போயிருந்தது. அந்தப் பையை அந்த வாசலில் நான் திறக்காமல் இருந்தேனே, அதற்கு மட்டும் கடவுளுக்கு நன்றி சொன்னேன். தாலி இறங்கப்போகும் வீட்டுக்கு மஞ்சளும் குங்குமமும் கொண்டுபோயிருக்கிறேன்.

பதினாறாம் நாள் கருமாதிக்குச் சுகுமாரன் போனான். கோடிச் சேலையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மூத்தவன் கையால் போட வேண்டியது. அவன் போட்டுவிட்டு வந்தான். அங்கேயே சாப்பிட்டானாம். அக்கா தன் கையால் போட்டாளாம். என்னைப் பற்றிக் கேட்டாளா என்று நான் கேட்கவில்லை. அவனாகவும் சொல்லவில்லை. இப்போது அவன் மாதத்துக்கு இரண்டு முறை அந்தப் பக்கம் போய்வருகிறான். எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சவாரி நின்றுவிட்டது. இராஜசிங்கம் பெரிய வண்டியை விற்றுவிட்டார். கிருஷாந்திக்காக என்று சொல்கிறார். தொலைபேசியைப் பார்க்கும்போதெல்லாம் என் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்க்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று தர்மாவிடம் சொல்லி அனுப்பினேன்.

சன்னாசி என்னிடம் என்ன சொல்ல நினைத்தார் என்று தெரியவில்லை. கோயிலைப் பற்றித்தான் என்று சுகுமாரன் சொல்கிறான். கையெழுத்துப் போடாவிட்டால் அந்தக் குளத்தோர இடமும் கிடைத்திருக்காது, கோயிலை இடித்து அம்மனை லாரியில் ஏற்றியிருப்பார்கள் என்று ரூபனிடம் பலமுறை சொல்லியிருக்கிறாராம். இருக்கலாம். அதை அவர் வாயால் கேட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். இப்போது பதில் சொல்ல ஆள் இல்லை.

கோயிலிலும் கடைத்தெருவிலும் என் காதில் விழும்படியே சிலர் பேசுகிறார்கள். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசட்டும், நான் பதில் சொல்லப்போவதில்லை. ஆனால் வீடு தேடி வந்த கூடப்பிறந்தவர்களின் முகத்தில் அடித்ததுபோல நவமணி கதவைச் சாத்தினாள் என்று ஒரு பேச்சு நடக்கிறது. அது பொய். அவள் கதவைச் சாத்தவில்லை. நாங்கள் திரும்பிப் போகும்வரை அது திறந்துதான் இருந்தது.