எடுத்துவைத்த அட்டைகள்

என் அம்மா குன்வோர் யாருக்கும் அன்றைக்கே பதில் சொல்லமாட்டாள். "காலையில சொல்றேன்" என்பாள். ஜெபவீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும். கேட்டுவிட்டுப் போய், மறுநாள் கூப்பிடுவார்கள். "வசனம் வந்துச்சா?" என்பதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி.

காலை ஆறு மணிக்கு, ரொட்டிமேல் பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவி வைத்துவிட்டு, அம்மா வசனப் பெட்டியை எடுப்பாள். சோப்புக்கட்டி அளவு மரப்பெட்டி. உள்ளே வசனம் அச்சடித்த சின்ன அட்டைகள் நெருக்கமாக நிற்கும். கண்ணை மூடி ஒன்றை உருவுவாள். அதில் என்ன இருக்கிறதோ அதுதான் ஆண்டவர் சொன்ன பதில். எங்கள் தீவில் பாதி வீடுகளில் இந்தப் பெட்டி இருக்கிறது. மற்றவர்கள் காபியோடு ஒன்றை வாசித்துவிட்டு மறந்துவிடுவார்கள். அம்மா மறக்கமாட்டாள்.

அதனால் அவள் சரி என்று சொல்லாத வேலை எதுவும் இல்லை. வயதானவர்களை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. நகராட்சி கொடுத்த சின்னக் காரில், மழையில், ஒரு நாளைக்குப் பதினோரு வீடு. மருந்து கொடுக்க, குளிப்பாட்ட, வீங்கிய காலில் இறுக்கமான காலுறை மாட்டிவிட. அது சம்பளத்துக்கு. மீதி எல்லாம் வசனத்துக்கு: ஞாயிறு பள்ளி, ஜெபவீட்டுக் காபி, மிஷனுக்குப் பணம் சேர்க்கும் விற்பனைக்கு இருபது ஜோடி கம்பளிக் காலுறை. அப்பா எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் கொண்டுபோகும் கப்பலில் இருந்தார். நாலு வாரம் கடல், நாலு வாரம் வீடு. வீட்டில் இருக்கும்போதும் அவர் பெரும்பாலும் தூங்கினார்.

நான் வீட்டில் இருந்தேன். பள்ளியில் வகுப்புக்கு முன்னால் நின்று பேசவேண்டிய நாட்களில் எனக்கு வாந்தி வரும். பிறகு எல்லா நாட்களிலும் வந்தது. பதினேழு வயதில் நின்றுவிட்டேன். உருளைக்கிழங்கு வேகவைத்தேன், அம்மாவின் சீருடையைத் துவைத்தேன்.

அக்டோபரில் அம்மா ஒரு கிழவரின் குளியலறையில் மயங்கி விழுந்தாள். அந்தக் கிழவர்தான் தொலைபேசியில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். இதயத் துடிப்பு ஒழுங்காக இல்லை என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார். வசந்தகாலம் வரைக்கும் சம்பள வேலையைத் தவிர வேறு எதையும் தலையில் போட்டுக்கொள்ளக்கூடாது, இன்னொரு முறை விழுந்தால் எழுந்திருப்பது நிச்சயமில்லை என்றார். அம்மா தலையை ஆட்டினாள். மறுநாள் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்லும் அட்டை வந்தது. விற்பனைக்கு நாலு கேக் செய்வதாக ஒப்புக்கொண்டாள்.

அன்று பகல் அம்மா வேலையில் இருந்தபோது பெட்டியை எடுத்துவந்து மேசையில் கவிழ்த்தேன். போ, சுமந்துகொள், கொடு, ஊழியம் செய் என்று சொல்லும் அட்டைகளை எல்லாம் பிரித்தேன். நாற்பத்தொன்று வந்தது. அவற்றை என் பழைய கையுறை ஒன்றுக்குள் போட்டு அலமாரியில் வைத்தேன். இளைப்பாறச் சொல்பவை, அமைதியாக இருக்கச் சொல்பவை, ஆறுதல் சொல்பவை, இவை மட்டும் பெட்டிக்குள் திரும்பிப் போயின. நான் எதையும் புதிதாக எழுதிச் சேர்க்கவில்லை. எடுத்தேன், அவ்வளவுதான்.

அடுத்த நாள் காலை, களைத்தவர்களைக் கூப்பிடும் வசனம் அம்மாவுக்கு வந்தது. அவள் அதை இரண்டு முறை வாசித்தாள்.

"பாவம், ஒட்னிக்குத்தான் இது" என்றாள் அம்மா.

ஒட்னி பக்கத்து வீட்டுக்காரி. முழங்கால் வலிக்கிறது என்று முந்தின நாள் சொல்லியிருந்தாள். அம்மா வேலைக்குப் போகிற வழியில் இருட்டிலேயே அவள் கதவைத் தட்டி அட்டையைக் கொடுத்தாள். சாயங்காலம் ஒட்னி அதைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"எனக்கு எதுக்கு ஓய்வு? நாள் முழுக்க ஜன்னல்கிட்டதானே உக்காந்திருக்கேன். உன் ஆண்டவருக்கு வீட்டு நம்பர் மாறிப்போச்சு போல."

"உன் மனசுக்கு ஓய்வு, ஒட்னி."

"என் மனசு நல்லாத்தான் இருக்கு. முட்டிக்கு ஏதாவது அட்டை இருந்தா குடு."

இப்படியே மூன்று வாரம் போனது. ஓய்வெடுக்கச் சொல்லும் ஒவ்வொரு அட்டையையும் அம்மா வேறு யாருக்காவது கொண்டுபோனாள். படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவருக்கு ஒன்று. இரட்டைக் குழந்தை பெற்றவளுக்கு ஒன்று. கொண்டுபோய்க் கொடுப்பதே ஒரு வேலையாகிவிட்டது. நான் அவள் சுமையைக் குறைக்கவில்லை, கூட்டியிருந்தேன்.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை ரைதார் வந்தார். ஜெபவீட்டுக் குழுவின் தலைவர் அவர், ஓய்வு பெற்ற படகோட்டி. இடுப்பு எலும்பு தேய்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பார். ஜெபவீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டாள். சாவியை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். சாவி என்றால் சாவி மட்டும் இல்லை. சனிக்கிழமை போய் ஹீட்டர் போடவேண்டும், தரை துடைக்கவேண்டும், படிக்கட்டில் பனியை வாரவேண்டும், குழாய் உறையாமல் பார்க்கவேண்டும், ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் போய்த் திறந்து, எல்லோரும் போன பிறகு பூட்டவேண்டும். குளிர்காலம் முழுக்க.

"யோசிச்சுச் சொல்லு, குன்வோர். வியாழக்கிழமை கூட்டம். அதுக்கு முன்னாடி நாலு மணிக்கு வர்றேன்."

"கேட்டுச் சொல்றேன்" என்றாள் அம்மா. யாரிடம் என்று அவர் கேட்கவில்லை.

அம்மா டாக்டர் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. நான் அடுப்பங்கரையில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை அமைதியாக இருக்கச் சொல்லும் அட்டை வந்தது. "இது பதிலா?" என்று அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புதன்கிழமை நல்ல தூக்கம் தருவதாகச் சொல்லும் அட்டை. அதை மேசைமேல் என் பக்கம் தள்ளினாள்.

"இது உனக்குத்தாண்டி. எட்டு மணிவரைக்கும் தூங்குறவ வேற யாரு இந்த வீட்டுல?"

வியாழக்கிழமை கண்ணீரைத் துடைப்பதைப் பற்றி. அம்மா அட்டையை மேசையில் கவிழ்த்து வைத்தாள். மாத்திரையை ரொட்டியோடு விழுங்கினாள்.

"சரி, வாங்கிக்கிறேன்" என்றாள்.

"எதை?"

"சாவியைத்தான். மூணு நாளாக் கேட்டாச்சு. வேணாம்னு ஆண்டவர் சொல்லலை. அவர் ஒண்ணும் சொல்லாம இருந்தா, செஞ்சுக்கிட்டிருக்கிறதைச் செய்னு அர்த்தம்."

அவள் கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அன்று நான் எதையும் சமைக்கவில்லை. உருளைக்கிழங்கைத் தோல் சீவித் தண்ணீரில் போட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் ஒருவேளை வேறு மாதிரி வந்திருக்கலாம். வரமுடியாமல் நான் கதவை அடைத்துவிட்டேன். ஆனால் கையுறைக்குள் இருந்தவை எல்லாம் போகத்தானே சொல்லும். எந்தப் பக்கம் நினைத்தாலும் அம்மா விழுகிற இடத்தில்தான் போய் முடிந்தது.

மூன்றரைக்கு அம்மா வந்தாள். ஈரக் காலணியைக் கழற்ற நாற்காலியில் உட்கார்ந்தவள், ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மறந்துபோய் அப்படியே சுவரில் சாய்ந்தாள். உதடு நீலமாக இருந்தது.

நான் அலமாரியிலிருந்து கையுறையை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தேன். அட்டைகள் விளிம்பில் எட்டிப்பார்த்தன.

"நான்தான் எடுத்தேன்" என்றேன்.

அம்மா கையுறையைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்."

"எப்படி?"

"இருபது வருஷமா அந்தப் பெட்டிக்குள்ள விரலை விட்டவ நான். ஒண்ணை எடுக்க நகம் வேணும், அவ்வளவு இறுக்கம். ஒரு நாள் காலையில பாத்தா எல்லாம் ஆடுது, கிழவி பல்லு மாதிரி."

"அப்பவே ஏன்மா திட்டலை?"

"நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன்." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "நீ பொறுக்கிப் போட்ட அட்டையை ஆண்டவர் சொன்னதுன்னு நான் எப்படி எனக்கு வச்சுக்கறது? அதான் மத்தவங்களுக்குக் குடுத்தேன். அவங்களுக்குத் தெரியாதுல்ல."

"நான் ஒண்ணுகூட எழுதலைம்மா. பெட்டியில இருந்ததும் அவர் வார்த்தைதானே."

"பாதி வார்த்தை."

"நீயும் பாதியைத்தானே இவ்வளவு நாளாக் கேட்டே?"

இதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே தெரியவில்லை. அம்மா கண்ணைத் திறந்தாள்.

"வாயைத் தொறந்து போகாதேம்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அட்டைக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கிட்டே."

"சொல்லியிருந்தா கேட்டிருப்பியா?"

அவள் யோசித்தாள். என்னிடம் அவள் ஒருபோதும் பொய் சொன்னதில்லை.

"மாட்டேன்" என்றாள். பிறகு, "ஆண்டவர் உன் வாயால பேசுவாருன்னு நான் எப்படிடி நினைப்பேன்? நீதான் பேசவே மாட்டியே."

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ரைதார் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார், எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் வருவார்கள். மூக்குக்கண்ணாடியில் மழை. அதைத் துடைத்தபடி நின்றார். இன்னொரு கையில் சாவி இருந்தது, தொலைந்துபோகாமல் இருக்க ஒரு மரத்துண்டில் கட்டியது.

"என்ன குன்வோர், வசனம் வந்துச்சா?"

அம்மா அவரைப் பார்க்கவில்லை, மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையுறையில் கைவிட்டு ஒன்றை உருவினால் போதும், பதில் வந்துவிடும். அது போ என்றுதான் சொல்லும். அவள் விரல் கம்பளியின் விளிம்பைத் தொட்டது.

மறுபடியும் வகுப்புக்கு முன்னால் நிற்பது போல இருந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா சாவியை வாங்கமாட்டாங்க" என்றேன்.

ரைதார் யார் பேசியது என்று தேடுகிற மாதிரித் திரும்பினார்.

"அட, ராக்னா. உனக்குப் பேச்சு வருமா? சபையில உன்னைச் சேத்துக்கிட்ட உறுதிப்படுத்தல் ஆராதனையில கேட்டது. அன்னைக்கும் மூணு வார்த்தைதான்."

"அம்மா ஒருத்தர் வீட்டுல மயங்கி விழுந்தாங்க. இதயம் சரியில்ல. வேலையைத் தவிர எதையும் செய்யக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்ககிட்ட அவங்க சொல்லமாட்டாங்க. அதான் நான் சொல்றேன்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். ஒரு காலில் காலணி, ஒரு காலில் ஈரக் காலுறை.

"நிஜமா, குன்வோர்? உனக்கு என்ன வசனம் வந்துச்சு?"

அம்மா கையுறையை மடியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். ஜன்னலில் மழை இறங்கிக்கொண்டிருந்தது.

"வசனம் இல்ல, ரைதார்" என்றாள். "இவதான் சொல்றா."

ரைதார் யாரும் உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தார். நாற்காலி கிரீச்சிட்டது. "நான் எல்லாரையும் கேட்டுட்டேன்" என்றார். "உன்னைக் கடைசியாக் கேட்டேன்னு நினைக்காதே. குழுவுல மொதல்ல உன் பேருதான் வந்துச்சு. எப்பவும் உன் பேருதான் வருது. நீ சரின்னுதானே சொல்லுவே." தன் இடுப்பைத் தடவினார். "இந்தக் காலை வச்சுக்கிட்டு நான் எப்படிப் பனி வார்றது?"

அம்மாவின் வாய் திறந்தது. என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு மாசம் மட்டும், கிறிஸ்துமஸ் வரைக்கும் மட்டும், வேறு ஆள் கிடைக்கிற வரைக்கும் மட்டும்.

"அம்மா" என்றேன்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். அது எனக்குச் சந்தோஷமாக இல்லை. அவள் முகம் திருடியவள் முகம் போல ஆகிவிட்டது.

ரைதார் ஒரு கோப்பை காபி குடித்தார். சளித்தொல்லையைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். பிறகு சாவியை மறுபடியும் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து காருக்குப் போனார். அம்மா ஜன்னலில் நின்று, அவர் ஏறிக் கதவைச் சாத்தும்வரை பார்த்தாள்.

"இடுப்பு ரொம்ப மோசமாயிருச்சு அவருக்கு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபவீடு குளிர்ந்து கிடந்தது. சனிக்கிழமை யாரும் ஹீட்டர் போடவில்லை. எல்லோரும் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தார்கள், பாடும்போது வாயிலிருந்து புகை வந்தது. ரைதார் பேசியது பத்து நிமிஷம்கூட இல்லை. காபியும் இல்லை. வழக்கமாகக் காபிக் கூஜாக்கள் இருக்கும் மேசையைச் சுற்றிக் கொஞ்சநேரம் நின்றுவிட்டுக் கலைந்தார்கள்.

"என்ன இது, யாராவது செத்துட்டாங்களா?" என்றாள் ஒட்னி.

அம்மா கைகளைக் கோட்டுக் கைக்குள் நுழைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேர் அவளிடம் எதுவும் சொல்லாமல் போனார்கள். ஒருத்தி மட்டும் தோளைத் தொட்டு, "உடம்பைப் பாத்துக்கோ" என்றாள். அம்மா அவளிடம் மன்னிப்புக் கேட்டாள்.

காரில் வரும்போது, பாலத்தைத் தாண்டிய பிறகு, "குளிருச்சா உனக்கு?" என்றாள்.

"ஆமா."

"எனக்கும்."

வீட்டுக்கு வந்ததும் கோட்டோடு சோபாவில் படுத்தாள். ஞாயிற்றுக்கிழமை பகலில் அம்மா படுத்து நான் பார்த்ததில்லை. முதலில் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூச்சு மாறியது. நான் அவள் காலணிகளைக் கழற்றிவிட்டு, போர்வையை இழுத்துவிட்டேன்.

ஒரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. அப்பா கடலில் இருந்து கூப்பிட்டால்கூட எடுக்காதவள் நான். மூன்றாவது முறை அடித்தபோது எடுத்தேன். ஞாயிறு பள்ளியின் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு யாரோ அம்மாவைக் கேட்டார்கள், தேவதூதர் வேஷத்துக்கு இறக்கைகள் தைக்கவேண்டுமாம்.

"தூங்குறாங்க" என்றேன்.

"எழுப்பவேணாம். நாளைக்குக் காலையில பதில் சொல்லச் சொல்றியா?"

"இல்ல" என்றேன். "நான் இப்பவே சொல்லிடறேன்."