காலிறுதியில் நின்றவர்

சர்வதேசக் கோப்பையின் மூன்றாவது காலிறுதி ஆட்டம் ஒரு சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கியது; இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன, இன்னும் முடியவில்லை. தொண்ணூறு நிமிடத்தில் கோல் விழவில்லை, கூடுதலாகக் கொடுத்த அரைமணி நேரத்திலும் விழவில்லை. பெனால்டியில் பெரிய நாட்டுக்காரர்கள் ஐந்து பேர் உதைத்தார்கள், ஐந்தும் உள்ளே போகவில்லை. சின்ன நாட்டுக்காரர்கள் ஐந்து பேர் உதைத்தார்கள், அவர்களுக்கும் அதே கதி. அதற்குப் பிறகு ஒருவர் மாற்றி ஒருவராக, ஒரு தரப்பு கோல் போட்டு மறு தரப்பு தவறவிடும் வரை உதைக்கவேண்டும். நாக்-அவுட் சுற்றில் யாராவது ஒருவர் தோற்றே ஆகவேண்டும் என்று விதிப்புத்தகம் சொல்கிறது. எத்தனை நாளுக்குள் தோற்கவேண்டும் என்று எழுத அதை எழுதிய பெரிய மனிதர்களுக்குத் தோன்றவில்லை. வெளிச்சம் மங்கியதும் நடுவர் விசில் ஊதி, மிச்சத்தை நாளைக் காலை பத்து மணிக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார். மழைக்கு நிறுத்திய ஆட்டத்தைப் போல எண்ணிக்கொண்டு ஜனங்கள் கலைந்தார்கள்.

சின்ன நாட்டின் கோல்கீப்பருக்குக் கோந்து என்று பெயர். பெற்றவள் வைத்த பெயரைப் பெற்றவளே மறந்துவிட்டாள். அவர் செங்கல் லாரியில் வேலை பார்த்தவர். லாரி மேல் நிற்பவன் இரண்டிரண்டாக வீசுகிற கற்களைக் கீழே நின்று பிடித்து அடுக்குவது வேலை. கல்லைப் பார்த்தால் பிடிக்க முடியாது, வீசுகிறவனின் முழங்கையைப் பார்க்கவேண்டும் என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். பதினேழு ஆண்டுகளில் அவர் ஒரு கல்லைக்கூடக் கீழே விட்டதில்லை. விட்டிருந்தால் பாதம் இருந்திருக்காது. மைதானத்தில் முழங்கைக்குப் பதிலாக, உதைக்கிறவன் ஊன்றுகிற காலைப் பார்த்தார், அவ்வளவுதான் வித்தியாசம். மற்றவர்களும் அவரைப் போலத்தான்: ஒரு தபால்காரர், ஒரு முடிதிருத்துபவர், இரண்டு பஸ் டிரைவர்கள், ஒரு கணக்கு வாத்தியார். வாத்தியார் கோணத்தை மிகச் சரியாகக் கணக்கிட்டு, மிகச் சரியாகக் கம்பத்தில் அடிப்பார்.

இவர்கள் தோற்க மறுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. ஆட்டத்துக்கு முன்னால், சனிக்கிழமை காலையிலேயே, போட்டிக் குழுவின் குமாஸ்தா ஒரு உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். இருபத்து மூன்று பேருக்கும் அன்றைய விமானத்தில் ஊர் திரும்ப டிக்கெட். பெரிய நாட்டுக்காரர்களுக்கு அப்படி எதுவும் எடுக்கவில்லை. ஓட்டல் சமையல்காரரிடமும் மறுநாள் இருபத்து மூன்று பேருக்குக் குறைத்துச் சமைக்கச் சொல்லிவிட்டார்கள். கோந்து தன் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஜன்னலோரம் வேற குடுத்திருக்காங்க," என்றார். "நான் எப்ப போறதுன்னு நான் சொல்றேன்."

ஆள் அப்படிப்பட்ட கல்லுளிமங்கன்.

ஒரு நாளைக்குப் பத்து உதை என்று நடுவர் ஒரு முறை வைத்துக்கொண்டார். இரண்டாவது மாதம் தொலைக்காட்சிக்காரர்கள் வண்டியைக் கட்டிக்கொண்டு போனார்கள். அரையிறுதிக்குக் காத்திருந்த அணி ஓட்டலிலேயே தங்கியது. மூன்றாம் ஆண்டில் அவர்களில் பாதிப் பேர் அதே ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள், ஒருவர் வரவேற்பறைப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். கோப்பை வங்கிப் பெட்டகத்தில் கிடந்தது. பழைய போட்டி முடியாமல் புதிய போட்டியை நடத்த வழியில்லாததால், ஒன்று, இரண்டு, ஐந்து கோப்பைகள் நடக்காமலே போயின. அந்த நகரத்தில் முதல் உதையின் சத்தம் கேட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டார்கள். ஒன்பதாம் ஆண்டு சின்ன நாட்டின் தபால்காரர் காய்ச்சலில் இறந்தார். அவர் முறை வந்தபோது நடுவர் வழக்கம்போலப் பெயரைக் கூப்பிட்டார். புள்ளியில் வைத்த பந்து தானாகக் கொஞ்சம் பின்வாங்கி, பிறகு வேகமெடுத்து, குறுக்குக் கம்பத்துக்கு மேலே பறந்தது. விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள். பந்து புள்ளியிலிருந்து புறப்படவேண்டும் என்றுதான் இருந்தது, உதைக்கிறவர் உயிரோடு இருக்கவேண்டும் என்று இல்லை. உயிரோடு இருந்த காலத்திலும் அவர் உதை அந்த உயரத்தில்தான் போகும் என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

கோந்தின் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். இரண்டாம் ஆண்டில், மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு, மூன்று நாள் ரயில் பயணம் செய்து கணவனைக் கையோடு கூட்டிப்போக வந்தாள். வழியெல்லாம் என்ன சொல்லவேண்டும் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். அன்று அவளுக்கு முன்வரிசையில் போட்டிக் குழுத் தலைவர் உட்கார்ந்திருந்தார். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, பக்கத்தில் இருந்தவரிடம், "இந்தக் கூலிக்காரங்க இன்னும் கிளம்பலையா?" என்று கேட்டார். மனப்பாடம் செய்தது எல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று.

"கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்," என்றாள் கணவனிடம். "இப்ப சொல்றேன், நீங்க ஒண்ணையும் விடாதீங்க. வீட்ட நான் பாத்துக்கறேன்."

மைதானத்துக்குப் பின்தெருவில் மாடி அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்தாள். அந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் துணி அழுக்காகத்தான் செய்தது, வேலை கிடைத்தது, மகளை வரவழைத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். அவள் அப்படிச் சொன்ன அன்று கோந்து உடைமாற்றும் அறையில் கையுறையை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதார். சந்தோஷத்தில் அழுதவர்தான், ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லை.

பதினான்காம் ஆண்டு தலைவரே இறங்கிவந்தார். வீடு, அரசாங்க வேலை, பிறந்த ஊரில் சிலை என்று வரிசையாக அடுக்கினார்.

"ஒரே ஒரு பந்து. கண்ண மூடிக்கிட்டு நின்னா போதும்."

"மூடினாலும் புடிச்சிருவேன் சார்," என்றார் கோந்து. "அதான் பிரச்சினையே."

தலைவர் வந்த வழியே திரும்பினார்.

கேட்டுக் கிடைக்காததை எழுதி வாங்கலாம் என்று இருபத்திரண்டாம் ஆண்டில் குழு கூடியது. சின்ன நாடு வெளியேறியதாகவும், பெரிய நாடு அரையிறுதிக்குத் தகுதி பெற்றதாகவும் ஒரு தீர்மானம் போட்டார்கள். ஆட்கள் வந்து கோல் கம்பங்களைப் பிடுங்கினார்கள், வலையைச் சுருட்டினார்கள், வெள்ளைக் கோடுகளை மண்போட்டு மூடினார்கள், நடுவரிடம் விசிலைக்கூடக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பறித்தார்கள். குமாஸ்தா கடிதத்தைக் கோந்திடம் கொடுத்தார். அத்தனை பந்துகளைப் பிடித்த கையால் அந்த ஒற்றைக் காகிதத்தைப் பிடிக்க முடியவில்லை. நழுவிக் கீழே விழுந்தது. அன்று முழுக்க அவர் மாடி அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கையுறையின் கிழிசலைத் தைத்து வைத்தாள்.

மறுநாள் அவர் வழக்கமான நேரத்துக்குப் போனார். மைதானம் மொட்டையாகக் கிடந்தது. கோல் இருந்த இடம் இதுதான் என்று காட்ட ஒரு குச்சிகூட இல்லை. ஆனாலும், தன் வீட்டு வாசலில் வந்து நிற்பதுபோல நேராகப் போய் நின்றார். அவர் அணிக்காரர்கள் உயிரோடு இருந்தவர்களும் இல்லாதவர்களுமாக நடுக்கோட்டில் வரிசைகட்டினார்கள். எதிர்ப்பக்கம் வெகுநேரம் யாரும் வரவில்லை. பிறகு பெரிய நாட்டின் கேப்டன், வழுக்கையும் தொப்பையுமாக, பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் அவர் ஆட்களும் வந்தார்கள்.

"லெட்டர்ல ஜெயிக்கறதுக்கா இத்தன வருஷம் உதைச்சேன்?" என்று கேப்டன் சத்தம் போட்டார். "எனக்கென்ன வெக்கமில்லையா? நல்லா நில்லுப்பா!"

நடுவர் இரண்டு விரலை வாயில் வைத்துச் சீட்டியடித்தார். கேப்டன் ஓடிவந்து உதைத்தார். ஊன்றிய காலைப் பார்த்துக் கோந்து இடப்பக்கம் பாய்ந்தார். விரல்நுனி உரசிய பந்து, காற்றைத் தவிர வேறெதுவும் இல்லாத இடத்தில் 'ணங்' என்று மோதித் திரும்பி வந்தது. அந்தச் சத்தம் பின்தெரு வரைக்கும் கேட்டது.

மைதானத்தின் வாசலில் தலைவர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் குமாஸ்தா பதிவேட்டைத் திறந்து, 'கம்பத்தில் பட்டது, கோல் இல்லை' என்று எழுதினார்.

"யோவ், எந்தக் கம்பம்? அந்த வரிய அடிச்சு விடு!"

"சார், சத்தம் கேட்டுச்சே," என்றார் குமாஸ்தா.

தலைவர் மைதானத்தைப் பார்த்தார். அடுத்த ஆள் பந்தைப் புள்ளியில் வைத்துக்கொண்டிருந்தார். தலைவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுபார்த்துவிட்டு, உட்கார ஒரு நாற்காலி கேட்டார்.