சாட்சிக்கு விட்ட கோடு

1

இருளம்மாளுக்கு மில் தர வேண்டிய பாக்கி பத்தாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது ரூபாய். இந்தக் கதை அந்தத் தொகையில்தான் பிறந்தது. அதனால் அதை முதலில் எழுதிவிட்டேன். வேறு மாதிரியும் தொடங்கிப் பார்த்தேன். ‘ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் அன்று நல்ல வெயில்’ என்று ஒன்று. வெயிலை யார் கேட்டார்கள்? ‘சமுத்திரம் தங்கமான மனுஷன்’ என்று இன்னொன்று. செத்தவனை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அடித்துவிட்டேன்.

சமுத்திரம் இருளம்மாளின் புருஷன். ராஜபாளையத்தில் ஒரு மில்லில் பத்தொன்பது வருஷம் உழைத்து, 1987இல் மஞ்சள் காமாலையில் போனான். பாக்கி, அவனுடைய சர்வீஸ் பணம்.

2

இதில் நான் வர வேண்டாம் என்று சோணைமுத்து என்றொரு ஆளை உண்டாக்கினேன். அதே மில்லில் பஞ்சு பிரித்துப் போடுகிறவன். அப்போது அவனுக்கு எழுத்துத் தெரியாது. (தெரியும் என்று வைத்தால் கதை சுலபம். ஆனால் அவன் அயோக்கியன் ஆகிவிடுவான்.)

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கிளார்க் காளிராஜ் ஆபீசுக்குக் கூப்பிட்டு இருளம்மாள் கையில் ஐநூறு ரூபாய் கொடுத்தார்.

“காரியச் செலவுக்கு மொதலாளி குடுத்தது. இதுல ஒரு ரேகை வையிம்மா. ஏலே சோணை, சாட்சிக்கு நீ வையி.”

வைத்தார்கள். மில்லில் ரேகை வைத்தவர்கள் பெருவிரல் மையைத் தலைமுடியில் துடைத்துக்கொள்வது வழக்கம். இருவரும் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். காகிதத்தில் இருந்தது வேறு: சர்வீஸ் பணம் பதினோராயிரத்து நானூற்று அறுபதும் பெற்றுக்கொண்டேன், இனி பாக்கி ஏதுமில்லை.

3

மறு வருஷம் இருளம்மாள் வழக்குப் போட்டாள். மில் அந்தக் காகிதத்தை நீட்டியது. வாய்தா, வாய்தா, வாய்தா.

சோணைமுத்து நாற்பத்தாறு வயதில் அறிவொளி வகுப்பில் போய் உட்கார்ந்தான். ‘அறிவுத் தாகத்தால் அவன்’ என்று எழுத ஆரம்பித்து... பொய். அந்தக் காகிதத்தின் நகலைத் தானே வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். வாசித்தான். பதினோரு வரி, இரண்டு சாயங்காலம். பிறகு அவனுக்கு ஒன்றே ஒன்று வேண்டியிருந்தது. கூண்டில் ஏறி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்: ‘இதில் உள்ளதை எங்களுக்கு யாரும் வாசித்துச் சொல்லவில்லை.’ மிஷின் சத்தத்தில் அதை ஷிப்ட் ஷிப்டாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். கூண்டில் அவனை யாரும் ஏற்றவில்லை.

4

1996இல் வழக்கு மக்கள் நீதிமன்றத்துக்கு வந்தது.

(இரு தரப்பையும் உட்கார வைத்து ஒரே நாளில் பேசி முடிப்பது. அப்பீல் கிடையாது. ஏழைக்குச் சீக்கிரம் கிடைக்கிற நீதி என்று பேப்பரில் சிலர் எழுதினார்கள். பாதி நீதி என்று சிலர். இரண்டுமே எனக்குச் சரியாகப் பட்டது. இன்றைக்கும் அதுதான் தொந்தரவு.)

மில் ஏழாயிரம் தருகிறேன் என்றது. கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் இருளம்மாளின் வக்கீல் ஜெயபாய் விளக்கினார்: “தீர்ப்பு நம்ம பக்கம் வந்தாலும் அவங்க அப்பீல் போவாங்க. இன்னும் பத்து வருஷம் ஆகலாம்.”

“அப்போ அந்தக் காயிதம் பொய்யின்னு ஆரும்மா சொல்லுவா?” என்றான் சோணைமுத்து.

“இதுல அது வராதுங்க. ரெண்டு பக்கமும் ஒத்துப்போற ராஜிதான்.”

“நான் சொல்லணும் வக்கீலம்மா. அதுக்குத்தான...”

இருளம்மாள் டம்ளரை நங்கென்று வைத்தாள். “ஏண்ணே, நீ ஒரு வார்த்தை பேசணுங்கிறதுக்கு நான் இன்னும் பத்து வருஷம் பஸ்ஸுல நின்னுட்டே வரணுமாக்கும்? எம்மக மாரியாத்தாளுக்கு நர்சு படிப்புக்கு வெள்ளிக்கெழம பணம் கட்டணும். நீ கட்டுதியா?”

“இல்ல தாயி...”

“எம்புட்டு வச்சிருக்க? சொல்லு.”

சட்டைப் பையில் பஸ்ஸுக்கு இருந்தது.

5

ஒரு முடிவு: இருளம்மாள் மனம் மாறி, “நீ சொல்லுண்ணே” என்கிறாள். எழுதியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவளை நினைத்ததும் வெட்கமாகப் போயிற்று.

இன்னொரு முடிவு: காளிராஜ் ஓடிவந்து மன்னிப்புக் கேட்கிறார். இதை நானே நம்பவில்லை.

நடந்தது இது. ராஜிக் காகிதம் மேஜைக்கு வந்தது. இருளம்மாள் விரலில் மை தடவப் போனார்கள்.

“செத்த இருங்கய்யா,” என்றான் சோணைமுத்து. “நான் வாசிச்சிருதேன்.”

எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தான். பின்னால் யாரோ, “ஏலே, பொழுது சாஞ்சிரும்டோய்,” என்றார்கள். நீதிபதி கையைக் காட்டி அடக்கினார். ‘எத்தரப்பும் தவறு செய்ததாகக் கொள்ளாமல்’ என்ற இடத்தில் நான் நின்றேன். நின்றான் என்று எழுத வேண்டும். இருக்கட்டும், இனி எதற்கு மறைவு?

“நின்னுட்டியே. இன்னும் என்ன எழுதியிருக்கு?” என்றாள் இருளம்மாள்.

“ஏழாயிரம்னு எழுதியிருக்கு. பொறவு, யாரு மேலயும் தப்பு இல்லன்னு எழுதியிருக்கு தாயி.”

அவள் கொஞ்ச நேரம் காகிதத்தைப் பார்த்தாள். “சரி. கேட்டுட்டேன்,” என்று ரேகை வைத்தாள். விரலை முடியில் துடைத்தாள். அந்த முடி இப்போது பாதி வெளுத்திருந்தது. நூறு ரூபாய்த் தாள் எழுபதையும் எண்ணி முந்தியில் முடிந்தாள். மீதி மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது அன்றோடு இல்லை என்றாயிற்று. கடன் தீர்ந்தது.

சிப்பந்தி என்னிடம் பேனாவை நீட்டினார். “வாசிச்சவரே சாட்சி போட்டுருங்க.”

அதில் எழுதியிருந்தது எல்லாம் உண்மை. ஏழாயிரம் அவள் கைக்கு வந்துவிட்டது. போட்டால், யார் மேலும் தப்பு இல்லை என்பதற்கும் நானே சாட்சி; அந்த ஒரு வாக்கியத்தை இனி எந்தக் கோர்ட்டிலும் நான் சொல்ல முடியாது. போடாவிட்டால், அடுத்து நிற்கிற யாராவது வாசிக்காமல் போடுவான்.

நான் என்ன செய்தேன் என்று எழுதிப் பார்த்து, இரண்டு முறை கிழித்துவிட்டேன். நீங்கள் முழுதும் வாசித்துவிட்டீர்கள். யாரும் வாசித்துச் சொல்லவில்லை என்று உங்களால் சொல்ல முடியாது. பேனா இந்தாருங்கள்.

சாட்சி: ............................