கடைசி நான்கு பக்கங்கள்

கோவில்பட்டியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திய வெயிலுமுத்துவுக்கு மனிதர்களைக் கண்டாலே இளக்காரம். ஊரே குடும்பப் படம் பார்த்து மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, தான் ஒருவன் மட்டும் பறக்கும் தட்டுகளைப் பற்றி யோசிக்கிறோம் என்ற பெருமை. விண்வெளிக் கதை காமிக்ஸ் மட்டும் இருநூற்றுக்கு மேல் வைத்திருந்தார். எல்லாம் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் மட்டமான தாளில் அச்சாகி, தொட்டால் ஓரம் உதிரும் சரக்கு. பாச்சா உருண்டை போட்டு பீரோவில் பூட்டியிருந்தார். பூட்டியதிலிருந்து அவரும் படிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மெஷின்களுக்கு உறை மாட்டிவிட்டு அங்கேயே ரசிகர் மன்றம் கூடும். ஹார்டுவேர் கடை செல்வகணேஷ், தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் இரண்டு பேர், வெயிலுமுத்துவிடம் டைப் படித்து ஃபெயிலான மூன்று பேர். அவர் பேசுவார், இவர்கள் கேட்பார்கள். மன்றம் என்பது அவ்வளவுதான்.

அவர் அதிகம் பீற்றிக்கொண்டது 'வியாழனில் விழுந்த விமானம்' என்ற புத்தகத்தைத்தான். அதில் கடைசி நான்கு பக்கங்கள் கிடையாது. வாங்கும்போதே இல்லை. அது அவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். புத்தகத்தை யார் கையிலும் கொடுக்காமல், முடிவைத் தானே இட்டுக்கட்டிப் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவருக்கே இடமுள்ள ராக்கெட்டில் தன் இரும்பு வேலையாளை ஏற்றி அனுப்பிவிட்டு, கதாநாயகன் வியாழனில் தனியாக நின்று கையசைப்பான்.

"இப்படி ஒரு முடிவ இங்கன உள்ள எவனாவது எழுதுவானாலே?" என்று கேட்டு நிறுத்துவார். செல்வகணேஷ் ஒவ்வொரு தடவையும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு. வெயிலுமுத்து அந்தக் கையசைப்புக்கு வந்தபோது வாசலில் சந்தனமாரி நின்றாள். நாகலாபுரத்துக்காரி, முப்பது வயது, ஆடு மேய்க்கிற குடும்பம். வாரம் மூன்று நாள் பஸ் பிடித்து வந்து அவரிடம் டைப் படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சைத் தேதி கேட்க வந்தவள், கதையைக் கேட்டதும் நின்றுவிட்டாள்.

"அது அப்படி முடியாதே சார்."

"எது?"

"அந்தக் கததான். எங்கண்ணன் வச்சிருந்த புத்தகம். ஆட்டுக்குப் பின்னால போகையில நாப்பது தடவ படிச்சிருப்பேன். கடைசியில அவன் முழிச்சிக்கிடுவான். எல்லாம் கனவு."

மன்றம் சிரித்தது. வெயிலுமுத்து சிரிக்கவில்லை.

"ஏட்டி, ஆட்டுக்குக் கொழ ஒடிக்கப் போன எடத்துல நீ என்னத்தப் படிச்ச? வேற ஏதாவது பொம்மப் புத்தகமா இருக்கும். தேதி போர்டுல இருக்கு, பாத்துட்டுப் போ."

அவள் போர்டைப் பார்த்தாள். தேதியை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். படியிறங்கிப் போய்விட்டாள்.

அந்த வாரம் அவள் வகுப்புக்கு வரவில்லை. தொலைந்தாள் என்று வெயிலுமுத்து நிம்மதியானார். அடுத்த ஞாயிறு, மன்றம் கூடிய நேரம் பார்த்து மஞ்சப்பையோடு வந்து நின்றாள்.

"முழுசா இருக்கு சார். வாசிச்சுப் பாருங்க."

"வச்சிட்டுப் போ. பெறவு பாக்கேன்."

செல்வகணேஷ் கை நீட்டி வாங்கிக்கொண்டார். கடைசி நான்கு பக்கங்களைப் புரட்டி உரக்க வாசித்தார். முதல் பக்கத்தில் ராக்கெட் வெடித்தது. இரண்டாவது பக்கம் முழுக்க ஒரே அலறல். மூன்றாவதில், கட்டிலிலிருந்து விழுந்து கிடந்த கதாநாயகன் தலையில் அவன் அம்மா ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி, 'மணி எட்டாகிறது, கல்லூரிக்குப் போகவில்லையா?' என்றாள். நான்காவது பக்கம் மூலநோய் லேகிய விளம்பரம்.



"அண்ணாச்சி, உங்க புத்தகத்த எடுங்க," என்றார் செல்வகணேஷ்.

எடுக்காமல் இருக்க முடியவில்லை. பீரோ திறந்தது. புத்தகம் பாதி வாக்கியத்தில் நின்றது.

"செல்லரிச்சிட்டு," என்றார் வெயிலுமுத்து. கிழித்த இடம் நேர்கோடாக இருந்தது. அதை எல்லோரும் பார்த்தார்கள்.

சந்தனமாரி தன் புத்தகத்தைப் பையில் வைத்தாள். "இந்த முடிவு காறித் துப்புத மாதிரிதான் இருக்கு. எழுதுனவனுக்குச் சோம்பல். நீங்க சொன்னது இதவிட எவ்வளவோ மேல் சார். நாந்தான் யோசிச்சேன்னு சொல்லியிருந்தா நானும் கை தட்டியிருப்பேன். படிச்சேன்னு சொன்னிய பாருங்க, அதுதான் அசிங்கம்." வாசல் வரை போய்த் திரும்பினாள். "அப்புறம், வியாழன்ல நிக்கத் தரையே கெடையாது. வெறும் வாயு. பள்ளிக்கூடப் புத்தகத்துலயே போட்டிருக்கான்."

அன்று மத்தியானம் தியேட்டரில் பழைய ஆங்கிலப் படம் ஒன்றைத் தமிழில் பேசவைத்து ஓட்டினார்கள். வேற்றுக்கிரகத்துப் பல்லி ஒன்று நகரத்தைத் தின்கிற படம். "நீங்களும் வாங்கம்மா, பாத்துட்டு சாயங்கால பஸ்ஸுக்குப் போவலாம்," என்று செல்வகணேஷ் அவளை அழைத்தார். மன்றம் மொத்தமும் அவள் பின்னால் கிளம்பியது. வெயிலுமுத்துவை யாரும் கூப்பிடவில்லை.

உறை மாட்டிய மெஷின்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். முதலில் அவள்மேல் ஆத்திரம் வந்தது. பிறகு, தலையில் தண்ணீர் ஊற்றிக் கதையை முடித்தவன்மேல் வந்தது. இதைப் போயா பத்து வருஷம் பூட்டிக் காத்தோம் என்று நினைத்தபோது உட்கார்ந்திருக்கவே கூசியது. கதவைப் பூட்டிவிட்டுத் தியேட்டருக்குப் போய் அவர்களுக்குப் பின்வரிசையில் இருட்டில் உட்கார்ந்தார்.

திரையில் பல்லி திரும்பியது. முதுகில் ஜிப் தெரிந்தது.

"இதத் தச்ச டெய்லரு யாரு? தையல்கூட நேரா இல்ல," என்றாள் சந்தனமாரி. வரிசையே சிரித்தது. வெயிலுமுத்துவுக்கும் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்துப் புரையேறியது. செல்வகணேஷ் திரும்பி, ஆளைப் பார்த்துவிட்டு, மறுபடி திரைப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இடைவேளையில் டீ ஸ்டாலில் எல்லோரும் நின்றார்கள். அவரும் ஓரமாகப் போய் நின்றார். பேச்சுக் கொடுத்தவள் சந்தனமாரி ஒருத்திதான்.

"என்ன சார், இது எப்படி முடியும்? சொல்லுங்க பாப்பம்."

"தெரியாது," என்றார். அந்தச் சொல்லை அவர் வாயால் மன்றத்தார் கேட்டது அதுவே முதல் தடவை.

"அப்பம் உக்காந்து பாருங்க," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.